பிறகு கதைப்பம் என்று சொல்லாதேங்கோ

நேற்று இரவிரவாக இருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன், 1957இல் வந்த ‘தி பச்சலர் பார்ட்டி’. பெயரைப் பார்த்துவிட்டுக் குடியும் கூத்தும்தான் என்று நினைக்க வேண்டாம். நியூயோர்க்கில் ஒரே கந்தோரில் கணக்கெழுதும் ஐந்து பேர், அதில் அர்னோல்டுக்குக் கலியாணம், அதற்காக எல்லோருமாக ஓரிரவு வெளிக்கிட்டுப் போகிறார்கள், கதை அவ்வளவுதான். பாடி சாயெவ்ஸ்கி 1953இல் தொலைக்காட்சி நாடகமாக எழுதியதை டெல்பர்ட் மான் படமாக்கினார். இதே இருவரின் ‘மார்ட்டி’ ஒஸ்கார் வாங்கிய படம், ஆனால் எனக்கு இதுதான் பெரிது.

வோல்ட்டருக்குத் தொய்வு வருத்தம், அரிசோனாவுக்குப் போய் இருக்கச் சொல்லி டொக்டர் சொல்லிவிட்டார், வீட்டுச் செலவை நினைத்தால் மனுசன் எங்கே போவது? சார்லிக்குப் பகலில் வேலை, இரவில் படிப்பு, மனைவி பிள்ளைத்தாச்சி. எடி தனியன், அவனைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குப் பொறாமை, நேரம் போகப் போகத்தான் வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் அலைகிறவனும் அவனே என்று விளங்குகிறது. கரோலின் ஜோன்ஸ் வருவதே சில நிமிடங்கள்தான், அதற்கே ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது, பொய்க்காவது அன்பாக ஒரு சொல் கேட்டு நிற்கும் அந்தப் பெண்ணை மறக்க ஏலாது.

என்னை உலுக்கியது அர்னோல்ட். பெடியன் பயந்துபோய் இருக்கிறான், கொண்டாடுகிற மும்முரத்தில் அதைக் கவனிக்க ஆளில்லை.

முந்தி எங்கள் பக்கம் கலியாண வீடென்றால் முதல்நாளே பெடியள் வந்துவிடுவார்கள், பந்தல் போட, வாழை கட்ட, மரக்கறி வெட்ட என்று விடியவிடிய வேலை இருக்கும், இடையில் மாப்பிள்ளையும் யாரோ ஒரு கூட்டாளியும் கிணற்றடியில் குந்தியிருந்து மெதுவாகக் கதைத்துக்கொண்டிருப்பதைச் சின்ன வயதில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இப்போது மண்டபம் எடுத்தால் எல்லாம் அவர்களே செய்துவிடுகிறார்கள். சரி, வசதிதான். ஆனால் அந்தக் கிணற்றடி இரவுக்குப் பதிலாக நாங்கள் ஹோட்டல் அறையும் ஸ்பீக்கர் பெட்டியும் பிடித்திருக்கிறோம், மாப்பிள்ளை வாய் திறக்க இடமே இல்லை.

போன ஆவணியில் கனடாவிலிருந்து வந்த என் கூட்டாளிக்கு நானும் அப்படித்தான் ஒரு பார்ட்டி வைத்தேன். ‘மச்சான், ஒரு கதை’ என்று இரண்டு தரம் வெளியே கூப்பிட்டான். ‘பிறகு கதைப்பம்’ என்றேன். விடியக் கோயிலில் தாலி கட்டினான், அடுத்த மாதம் போயும் விட்டான்.

படம் முடிய மூன்று மணி. ரொறன்ரோவில் பின்னேரம்தானே என்று அவனுக்குப் போன் எடுத்தேன். ‘அண்டைக்கு என்னடா சொல்ல வந்தனீ?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தான்.