2033 வரைக்கும் விசா இருக்கே, அப்புறம் என்ன?

2025 ஜூன் 23, திங்கட்கிழமை ராத்திரி, ஈரான் சண்டையால் கத்தார் தன் வான்வெளியை மூடியது. சில மணி நேரம்தான். அதற்குள் தோஹா வழியாக டிக்கெட் போட்டிருந்தவர்கள் பாடு பெரும்பாடாகிவிட்டது. எங்கள் தெரு முனை வீட்டு அண்ணனும் மதினியும் இப்போது நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். ஜூலை முதல் வாரம் ஊர் திரும்ப வேண்டும். அவர்கள் டிக்கெட்டும் தோஹா வழிதான். மறுநாள் காலையில் மதினி பாஸ்போர்ட்டில் இருக்கிற விசா பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டிருந்தார். கீழே ஒரு கேள்வி: "எங்களுக்கு 2033 வரைக்கும் விசா இருக்கே. ரெண்டு மாசம் கூட இருந்துட்டு, சண்டை சச்சரவு அடங்கினதும் வந்தா என்ன?"

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 2020இல் நானும் இதே நினைப்பில்தான் இருந்தேன்.

அந்தப் பக்கத்தில் உள்ள தேதி, அமெரிக்க வாசல்வரை போய் நிற்பதற்கானது. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை நாம் இறங்குகிற விமான நிலையத்தில் அதிகாரி முடிவு செய்கிறார். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு இப்போது அதைக் காகிதமாகக்கூடக் கையில் தருவதில்லை, இணையத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு நாமேதான் எடுத்துப் பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை இருந்தால் மண்டபத்துக்குள் விடுவார்கள். மண்டபத்தை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பது பத்திரிகையிலா இருக்கும்? அதுபோலத்தான்.

காலி செய்கிற தேதியைத் தாண்டி, மனு எதுவும் போடாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பத்து வருஷ விசா அங்கேயே செல்லாமல் போய்விடும். 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 வருஷம் திரும்ப வர முடியாது. ஒரு வருஷம் ஆகிவிட்டால் 10 வருஷம். அறுபத்தைந்து வயதில் பத்து வருஷத் தடை என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கதை இது. மகளுக்கு ஜனவரியில் பிரசவம் என்று 2019 நவம்பர் 8ஆம் தேதி டாலஸில் போய் இறங்கினோம். ஐ-94 தேதி 2020 மே 7. ஏப்ரல் 10ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட். ஒரு மாசம் கையிருப்பு வைத்துத்தான் போட்டிருந்தோம், அதில் எங்கள் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பெருமை. மார்ச் 22 முதல் இந்தியாவுக்குள் வெளிநாட்டு விமானங்கள் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. முதலில் ஒரு வாரம் என்றார்கள். அந்த ஒரு வாரம் எப்படி நீண்டது என்று எல்லாருக்கும் தெரியும். வழக்கமான சர்வதேச விமானங்கள் மறுபடி முழுசாக ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27இல்.

ஆக, சொந்த நாடு உள்ளே விடாது. இருக்கிற நாடு மே 7க்குள் வெளியே போ என்கிறது. இந்த நடுவாந்திரத்தில் நிற்பதற்குத்தான் ஐ-539 என்று ஒரு படிவம். தங்கும் காலத்தை நீட்டித் தரச் சொல்லும் மனு. அப்போது கட்டணம் 370 டாலர். கைரேகைக்கு ஆளுக்கு 85 டாலர் தனி. இரண்டு பேருக்கும் சேர்த்து 540 டாலர். அன்றைய மதிப்பில் 40,000 ரூபாய்க்கு மேல். எங்கள் வீட்டுக்காரர் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். "நாப்பதாயிரம் ரூவாய்க்கு ஒரு மனுவா? நான் வாங்கின மனுவுக்கெல்லாம் ரெண்டு ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்புதான்" என்று இரண்டு நாள் புலம்பினார்.

ஆனால் காரணக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் மனுஷருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, அதே நடையில் ஆங்கிலத்தில் இரண்டரைப் பக்கம். 'பணிந்து வேண்டுகிறேன்' மட்டும் நாலு இடத்தில். மகள் படித்துவிட்டு, "அப்பா, இங்கே யாரும் இப்படிக் கும்பிட்டு எழுத மாட்டாங்க" என்று அரைப் பக்கமாக வெட்டினாள். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மனுவில் இருக்கிற விசித்திரத்தை அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒரே உறைக்குள் இரண்டு எதிர்ப் பேச்சு இருக்க வேண்டும். எங்களால் போக முடியவில்லை என்பதற்கு ஆதாரம்: ரத்தான டிக்கெட், இந்திய அரசின் உத்தரவு. நாங்கள் நிச்சயமாகப் போய்விடுவோம் என்பதற்கும் ஆதாரம்: ஊரில் வீடு, ஓய்வூதியம், பேங்க் பாஸ்புக். கூடவே இவர்கள் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளையின் உறுதிமொழி, அவருடைய சம்பளச் சீட்டு. மூணு மாசம் பேத்தியைக் குளிப்பாட்டியதற்கு ஆதாரம் கேட்காததுதான் பாக்கி.

வீட்டு வரி ரசீதும் ஓய்வூதியப் புத்தகமும் பாளையங்கோட்டையில் பீரோவுக்குள். ஊரெல்லாம் ஊரடங்கு. சாவி யாரிடம்? இதே மதினியிடம். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்து, பீரோவில் என் பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருந்த கோப்பை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினார். பாதி மங்கல், பாதியில் அவர் கட்டைவிரல். இருந்தாலும் அதை வைத்துத்தான் மனு போனது. அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.

மனு மே 7க்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. கெடுவுக்குள் சேர்ந்துவிட்டால், முடிவு தெரியும்வரை அங்கே இருப்பதை அனுமதியில்லாத தங்கலாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கொரோனா காரணமாகத் தாமதமாக மனு போட்டவர்களுக்கும் காரணம் பார்த்து மன்னிப்பு உண்டு என்று அந்த ஏப்ரலில் அறிவித்தார்கள். இது நல்ல விதி, மறுக்க மாட்டேன். ஆனால் முடிவு 'இல்லை' என்று வந்தால்? மறுநாளிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்துவிடும். முடிவு எப்போது வரும் என்றும் தெரியாது. கைரேகை எடுக்கும் நிலையங்களை மார்ச் 18இலேயே மூடிவிட்டார்கள். ஜூன் 4 முதல் மற்ற அலுவலகங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள், கைரேகை நிலையங்கள் அதற்கும் பிறகுதான். கைரேகைக்குப் பணம் வாங்கியாயிற்று, விரலை வைக்க இடம் இல்லை.

அந்த நாட்களில் எங்களுக்குப் பெரிய கவலை சட்டம்கூட இல்லை, மாத்திரை. ஆறரை மாசத்துக்கு எண்ணி எடுத்துப் போனது. அவருக்குச் சர்க்கரை, எனக்குத் தைராய்டும் பிரஷரும். ஊர் டாக்டர் எழுதிய சீட்டு அங்கே மருந்துக்கடையில் செல்லாது. அங்கேயே டாக்டரைப் பார்க்கலாம் என்றால் பணம். நாங்கள் எடுத்திருந்த பயணக் காப்பீடோ பழைய நோய் எதற்கும் பைசா தராத வகை. அதையும் நீட்டிக்கத் தனியாகக் கட்டினோம். கடைசியில் அந்த அபார்ட்மென்ட்டில் இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்து யாரிடம் எந்த மாத்திரை மிச்சம் என்று பகிர்ந்துகொண்டோம். என் தைராய்டு மாத்திரை ஒரு குண்டூர் அம்மாவின் டப்பாவிலிருந்து வந்தது. டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால் திட்டாதீர்கள், வேறு வழி இல்லை.

சரி, இதற்காக அமெரிக்காவைத் திட்டுவது நியாயமா? எங்களை உள்ளே விடாமல் வானத்தை மூடியது நம் நாடுதானே என்று மாப்பிள்ளை அப்போதே கேட்டார். சரியான கேள்வி. ஆனால் அதே சமயத்தில் மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பாருங்கள்.

தாய்லாந்தில் 2020 மார்ச் கடைசியில் பாங்காக் சேங் வத்தனாவில் இருக்கும் குடிவரவு அலுவலகத்தில் விசா நீட்டிக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. ஊரே தள்ளி நில் என்கிற நேரம். அந்த அரசு கொஞ்ச நாளில் புரிந்துகொண்டது. மார்ச் 26 முதல் காலாவதியாகிற விசாக்கள் எல்லாம் தானாகவே ஏப்ரல் 30 வரை செல்லும், யாரும் அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்றார்கள். பிறகு ஜூலை 31 வரை. பிறகு செப்டம்பர் 26 வரை. சாதாரண நாளில் அங்கே கூடுதலாக ஒரு நாள் தங்கினால் 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட். நீட்டிப்பு மனுவுக்கு 1,900 பாட். அந்த மாதங்களுக்கு இது எதுவும் இல்லை. சுற்றுலாப் பணத்தை நம்பியிருக்கிற நாடு என்பதால் செய்தார்கள் என்று சொல்லலாம். இருக்கட்டுமே.

மலேசியா கதை நம் ஊர்க்காரர்களுக்கு நேரடியாகத் தெரியும். 2020 மார்ச் 17இல் மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தியா உடனடித் தடை போட்டது. கோலாலம்பூர் விமான நிலையத்தில் பெட்டியும் கையுமாக நின்றவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! மறுநாளே அங்கே நடமாட்டக் கட்டுப்பாடு. அப்போது 15 நாள் அனுமதியில் போனவர்களுக்கு அதை நீட்டிக்கவே வழி கிடையாது. ஆனாலும் கட்டுப்பாட்டுக் காலத்தில் அனுமதி முடிந்துபோனவர்கள், அது நீங்கிய பிறகு குறிப்பிட்ட நாட்களுக்குள் கிளம்பினால் போதும், தனிப் பாஸ் வாங்க வேண்டாம் என்று அந்த நாடு அறிவித்தது.

நம் நாடு? இங்கே மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரர்களின் விசாவை இந்தியா கட்டணம் இல்லாமல் நீட்டித்தது. ஆரம்பத்தில் இணையத்தில் மனு கேட்டார்கள். 2021 ஜூனில் அதுவும் வேண்டாம், ஆகஸ்ட் 31 வரை தானாகவே செல்லும், அபராதமும் கிடையாது என்றார்கள். பிறகு செப்டம்பர் 30 வரை. சொந்தப் பிரஜைகளை வெளியே நிறுத்திவைத்த அரசுதான் விருந்தாளிக்கு இதைச் செய்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். வானம் மூடிய நாளிலிருந்து திறக்கும் நாள்வரை, பயணியின் தேதியை நிறுத்தி வையுங்கள். ஒரே ஒரு அறிவிப்பு போதும். அப்படிச் செய்தால் ஆளாளுக்கு அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று சொல்வார்கள். யார் தங்குவார்கள்? தங்க நினைக்கிறவன் மனு போட்டுவிட்டா தங்குகிறான்? 540 டாலரும் வரி ரசீதும் அனுப்பிவிட்டு, தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தது, ஊருக்குப் போனால் போதும் என்று இருந்த கிழவனும் கிழவியும்தான். அமெரிக்காவுக்கு இந்த யோசனை அடியோடு புதிதும் இல்லை. விசா இல்லாமலே வர அனுமதியுள்ள பணக்கார நாட்டுக்காரர்கள் இப்படி மாட்டிக்கொண்டால், கேட்டால் 30 நாள் கூடுதலாகக் கொடுக்க அவர்களிடம் வழி இருக்கிறது. நமக்குத்தான் உறை நிறையக் காகிதம்.

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர நம் அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் மே 7இல் தொடங்கின. எங்கள் கெடு முடிந்த அதே நாள். முதல் நாள் வந்தவை வளைகுடாவிலிருந்து. எங்களுக்கு இடம் கிடைத்தபோது ஜூலை கடைசி. இறங்கி ஏழு நாள் சொந்தச் செலவில் ஓட்டலில் தனிமை. முடித்துவிட்டு வெளியே வந்தால், சென்னையிலிருந்து திருநெல்வேலி போக இ-பாஸ் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கடல் தாண்டிய மனு ஒன்று, சொந்த வீட்டுக்குப் போக மனு இன்னொன்று. இதில் மட்டும் 'பணிந்து வேண்டுகிறேன்' போட இடம் இல்லை, வெறும் டிக் பெட்டிகள்.

அக்டோபரில் மகள் ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். கைரேகை பதிக்க இருவரும் இன்ன தேதியில் வரவும். நாங்கள் அப்போது பாளையங்கோட்டையில் மழைக்கு முன் மொட்டைமாடி ஓடு பூசிக்கொண்டிருந்தோம். அவர்கள் ஊர் போய்விட்டார்கள் என்று மகள் பதில் எழுதிப் போட்டாள். பிறகு 2023 அக்டோபரிலிருந்து இந்த மனுவுக்குக் கைரேகைக் கட்டணமே கிடையாது என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் 170 டாலர் போனது போனதுதான்.

மதினிக்குப் போன் போட்டேன். விசா பக்கத்தில் இருக்கிற தேதி கணக்கில்லை மதினி, பிள்ளையை ஐ-94 எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க என்றேன். பார்த்தார்கள். ஜூலை 14. ஆறு மாசம் கொடுத்தால் ஆறு மாசமும் இருந்துதான் தீர வேண்டும் என்று கடைசி வாரத்துக்கு டிக்கெட் போடுகிற பழக்கத்தை நாம் விட்டுத் தொலைக்க வேண்டும். வான்வெளி திறந்துவிட்டது, அதனால் தேதிக்குள் எந்த வழியிலாவது டிக்கெட் மாற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள் என்றேன். இல்லையென்றால் 14ஆம் தேதிக்குள் மனு போயிருக்க வேண்டும். 2025 கட்டணப்படி இணையத்தில் போட்டால் 420 டாலர், காகிதத்தில் 470. விமானம் ரத்து என்று வந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள் என்றும் சொன்னேன். வீட்டு வரி ரசீது வேண்டுமென்றால் சாவி எங்களிடம்தான் இருக்கிறது. இந்த முறை கட்டைவிரல் விழாமல் நான் எடுத்து அனுப்புகிறேன்.

மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேன். அங்கே விடிந்ததும் கூப்பிட வேண்டும்.