மோட்டாரை மாற்றும் முன் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்

கார் ஏசியில் கரகரவென்று சத்தம் வந்தால் புளோயர் மோட்டாரை (காற்றைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் மோட்டார்) மாற்றிவிடுவதே நல்லது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தயவுசெய்து யாரும் அவசரப்பட வேண்டாம். மதுரை வெயிலில் வேப்பமர நிழல் கிடைத்தால் போதும் என்று வண்டியை நிறுத்துகிறோம். மாசி, பங்குனியில் உதிரும் சருகு வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக இறங்கிவிடும். கேபின் ஃபில்டர் (உள்ளே வரும் காற்றை வடிகட்டுவது) இல்லாத பழைய வண்டி என்றால் நேராக விசிறிக்கே போய்விடும். எங்கள் வண்டியில் இடது பக்க டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, புளோயரை இறக்கிப் பார்த்தபோது, விசிறி இதழ்களுக்கு நடுவே காய்ந்த வேப்பங்காம்புகள் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியிருந்தன. அவற்றை எடுத்ததும் சத்தம் போயே போய்விட்டது.

முதலில் ஏசியை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் படிப்படியாகக் கூட்டுங்கள். வேகத்தோடு சத்தமும் ஏறினால் கோளாறு விசிறிப் பக்கம்தான். சுத்தம் செய்த பிறகும் கீச்சென்று கத்தினால் மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும், அப்போது மோட்டாரை மாற்றலாம். ஏசி போட்டால் மட்டும் சத்தம் வந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க மாறினால் ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரஸரை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். சூடு, குளிர் குமிழைத் திருப்பும்போது டக்டக் என்றால், காற்றுக் கதவை அசைக்கும் குட்டி மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏசியை அணைத்ததும் வரும் 'உஸ்' சத்தம் கேஸ் அடங்குவது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

அப்புறம், சத்தத்தோடு எலி நாற்றமும் வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு எடுங்கள்.