நெடும்பயணத்துக்கு அரைக் கவர் போதும்

என் தம்பி போன வாரம் தன் பைக்குக்கு ஒரு மழைக் கவர் வாங்கி வந்தான். ஜூலை முதல் வாரம் நண்பர்கள் மூன்று பேருடன் மூணாறு, பிறகு வயநாடு, குடகு என்று ஆறு நாள் சுற்றப் போகிறான். வெள்ளி நிறக் கவர், முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை தரை தொட மூடுகிறது. பெயிண்டில் கீறல் விழக் கூடாது என்று உள்பக்கம் மெத்தென்ற துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். சுருட்டிப் பையில் அடைத்தால் தலையணை அளவுக்கு வருகிறது. "நல்ல கனமான துணி அக்கா, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது" என்றான். அன்று மாலையே கடைக்கு அழைத்துப் போய்த் திருப்பிக் கொடுக்க வைத்தேன். அவனுக்கு மனத்தாங்கல்தான். வழியெல்லாம் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். மழை தொடங்கிவிட்டது, மலைக்குக் கிளம்பும் பலரும் இதே தவறைச் செய்வதைப் பார்க்கிறேன்.

வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு வேண்டிய கவர் வேறு, பயணத்தில் கூடவே வரும் கவர் வேறு. கடைகளில் இந்த இரண்டையும் ஒன்றாகவே விற்கிறார்கள். நானும் முதலில் முழுக் கவர்தான் வைத்திருந்தேன். முதல் பயணத்தில் எடுத்துப் போனேன். இரண்டாவது பயணத்தில், வண்டியின் இருபுறமும் தொங்கும் சாடில் பேக்கில் இடம் இல்லை, வீட்டில் வைத்துவிட்டேன். அந்தப் பயணம் வால்பாறைக்கு. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிக்கும்வரை வானம் தெளிவாகவே இருந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் சின்னக்கல்லாறு அங்கிருந்து பக்கம்தான். அந்த வட்டாரத்தில் மழை என்றால் அது நம் ஊர்ச் சமவெளியில் ஒரு மணி நேரம் கொட்டி ஓயும் மழை அல்ல.

காலையில் சீட்டைத் துணியால் துடைத்தேன். மேலே காய்ந்துவிட்டது. உட்கார்ந்த மறுகணம் உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. சீட்டின் தையல் துளைகள் வழியாக இறங்கிய மழை உள்ளே இருக்கும் ஃபோமில் ஊறியிருந்தது. நம் எடை பட்டதும் அது பிழிந்து வெளியே வருகிறது. மழைக் கால்சட்டை போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் உட்காரும் இடத்திலுள்ள தையலில்தான் அழுத்தம் அதிகம், தண்ணீர் அங்கேதான் முதலில் நுழைகிறது. இரண்டு நாள் அந்த ஈரத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். தொடையெல்லாம் தோல் உரிந்துபோனது.

அதன் பிறகுதான் வண்டியில் மழை உண்மையில் எங்கே கெடுதல் செய்கிறது என்று யோசித்தேன். பகலில் எட்டு மணி நேரம் மழையிலும் சேற்றிலும் ஓடிய சக்கரத்தையும் இன்ஜினையும் செயினையும் இரவில் மட்டும் மூடி வைத்து என்ன ஆகப்போகிறது? அவை நனைவதற்கென்றே செய்யப்பட்டவை. ராத்திரி முழுக்க நிற்கும்போது காப்பாற்ற வேண்டியவை மேலே இருக்கின்றன: சீட், மீட்டர், ஹேண்டில்பாரில் உள்ள சுவிட்சுகள், சாவித் துவாரம், பெட்ரோல் டேங்க்கின் மூடி.

டேங்க் மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அதில் விழும் மழைநீர் கீழே போக ஒரு சிறு துளையும் அதிலிருந்து இறங்கும் குழாயும் உண்டு. தூசியும் சேறும் அந்தத் துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் பள்ளத்தில் தேங்கி நிற்கும். மூடியின் ரப்பர் பழையதாக இருந்தால் மெல்ல டேங்க்குக்குள் இறங்கும். இப்போது நாம் போடுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதும் அடியிலிருந்துதான். மலைப்பாதையில் வண்டி திணறி நின்ற பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட இரவில் மூடியை மூடி வைப்பது எவ்வளவோ மேல்.

ஆகவே ஹேண்டில்பார் முதல் சீட்டின் கடைசி வரை மூடுகிற அரைக் கவர் போதும் என்பதே என் முடிவு. இடத்தை மிச்சப்படுத்துகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தரை தொடும் கவர் பயணத்தில் வண்டிக்கே கெடுதல். சூடான இன்ஜினோடும் ஈரமான சக்கரங்களோடும் நிற்கும் வண்டியை முழுக்க மூடினால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே நீராகப் படிகிறது. காலையில் முழுக் கவரை விலக்கியபோது டேங்க் முழுக்க முத்து முத்தாக நீர் நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மழை உள்ளே வரவில்லை, ஆனாலும் வண்டி நனைந்திருக்கிறது. செயினிலும் டிஸ்க்கிலும் செந்துரு. தனுஷ்கோடி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். அரைக் கவரில் கீழ்ப்பாதி திறந்திருப்பதால் காற்று தானாகவே புகுந்து வெளியேறுகிறது.

காற்று என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. முப்பந்தல் காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு தோழியின் வண்டி, மூடி வைத்த முழுக் கவரோடு சாய்ந்து விழுந்தது. சைடு ஸ்டாண்டு ஈர மண்ணில் கொஞ்சம் புதைந்திருந்தது. கவர் பாய்மரம்போலக் காற்றை வாங்கிக்கொண்டது. கிளட்ச் லீவர் ஒடிந்து, மறுநாள் பாதிப் பகல் அதை மாற்றுவதிலேயே போனது. அதனால் எந்தக் கவர் வாங்கினாலும் ஓரத்தில் எலாஸ்டிக் இருந்தால் மட்டும் போதாது. வண்டியின் வயிற்றுக்கடியில் கொடுத்து இறுக்கிப் பூட்டுகிற பட்டை இரண்டு இருக்க வேண்டும். தளர்வாகக் கிடக்கும் கவர் இரவெல்லாம் படபடத்து, தனக்கடியில் உள்ள புழுதியாலேயே டேங்க் பெயிண்டைத் தேய்த்துவிடும். டேங்க்குக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்திலும் குளம் கட்டும். தேங்கிய நீர்தான் மெல்லக் கசியும், வழிந்தோடும் நீர் அல்ல.

இனி துணி. நம் ஊரில் பாராசூட் துணி, குடைத்துணி என்று சொல்கிறோமே, அந்த மெல்லிய பாலியஸ்டர் அல்லது நைலான்தான் வேண்டும். லேபிளில் 190டி, 210டி என்று போட்டிருப்பார்கள். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் "கனம்" என்றே சொல்லிவிடுகிறார்கள். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. 190டி என்றால் பெரும்பாலும் ஒரு சதுர அங்குலத்தில் உள்ள பாவு நூல், ஊடு நூல் இரண்டின் கூட்டுத்தொகை. அது நெசவின் நெருக்கம். டெனியர் என்பது வேறு, 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பது அது. நூலின் தடிமனை அதுதான் சொல்லும். நூல் எண்ணிக்கைக்கு ஆங்கில T, டெனியருக்கு D, ஆனால் நம் பேச்சில் இரண்டுமே "டி" என்று ஆகிவிடுவதால் எது என்று கேட்டு வாங்குங்கள். 210 டெனியர் உறுதியானது, ஆனால் அடக்கமாகச் சுருளாது. நெருக்கமான நெசவும் மெல்லிய நூலும் உள்ள துணிதான் கைக்குள் சுருளும்.

மழையைத் தடுப்பது துணி அல்ல, அதன் உள்பக்கம் பூசிய பாலியூரித்தேன் பூச்சு. எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அது தாங்கும் என்று சில தயாரிப்புகளில் எண் போட்டிருப்பார்கள். மலையில் இரவு முழுக்க நிற்க 2,000க்குக் குறையாமல் பார்க்கிறேன். எண்ணைவிட முக்கியம் தையல். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஓர் ஓட்டை. கவரை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். தையலின் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். நட்ட நடுவில், முதுகெலும்புபோல நீளத் தையல் ஓடும் கவரை வாங்கவே கூடாது. அந்தத் தையல் சரியாகச் சீட்டின் பள்ளத்தில் போய் உட்காரும். மேற்பகுதி ஒரே துணியாக இருந்து, தையல் பக்கவாட்டில் இறங்க வேண்டும். எனக்கு அப்படி ஒன்று கடையில் கிடைக்காததால் பொள்ளாச்சியில் லாரித் தார்ப்பாய் தைக்கும் ஒரு பெரியவரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டேன். "டேப் ஒட்ட வசதி இல்லை கண்ணு, தையலை மடித்து இரட்டையாகப் போட்டுத் தருகிறேன்" என்றார். தையல்மேல் துளைகளை அடைக்கும் சீலன்ட் பசையை நானே தடவிக்கொண்டேன். ஆறு மழைக்காலம் உழைத்திருக்கிறது.

தம்பிக்குப் பிடித்துப்போன உள் மெத்தைத் துணியைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். வீட்டில் அது நல்லதுதான். பயணத்தில் காலை ஆறு மணிக்கு மழையிலேயே கிளம்ப வேண்டியிருக்கும், கவர் காயும்வரை காத்திருக்க முடியாது. வழவழப்பான துணியை நான்கு உதறு உதறினால் முக்கால்வாசித் தண்ணீர் போய்விடும். மெத்தைத் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், பையில் உள்ள மாற்றுத் துணிகளையும் நனைக்கும். ஈரக் கவரைப் பைக்குள் வைக்காமல் பின்சீட்டு வலைக்கடியில் செருகிவிடுவது நல்லது. கவரோடு வரும் பை கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும். கடையில் இயந்திரம்போல மடித்து வைத்திருப்பதை நம்பாதீர்கள். விரைத்த விரல்களால், அவசரத்தில், ஈரத்தோடு திணித்தாலும் உள்ளே போக வேண்டும். ஊர் திரும்பியதும் நிழலில் விரித்துக் காயப் போடுங்கள். ஈரத்தோடு வாரக்கணக்கில் மடித்துக் கிடந்தால் பூச்சு பிசுபிசுத்து, ஒருவித நாற்றம் அடித்து, பிறகு செதில் செதிலாக உதிரும்.

சைலன்சர் மேல்நோக்கி இருக்கும் வண்டிக்காரர்கள் நிறுத்திய உடனே மூட வேண்டாம். அரை மணி நேரம் பொறுங்கள். நைலான் சூடான குழாயில் ஒட்டினால் கவரும் போச்சு, குழாயின் பளபளப்பும் போச்சு.

குரங்குகளும் உண்டு. ஆழியாறு, வால்பாறைப் பக்கம் அவை சீட்டைக் கிழிப்பதும் டேங்க் பேக்கை நோண்டுவதும் வழக்கம். மூடிய வண்டியை அவை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

தம்பி நேற்று டேப் எடுத்து ஹேண்டில்பாரிலிருந்து சீட்டின் கடைசி வரை அளந்தான். கண்ணாடிகளோடு சேர்த்து அகலத்தையும் அளக்கச் சொன்னேன். பலர் கண்ணாடியை மறந்து வாங்கிவிட்டு இழுத்துப் பிடித்துக் கிழிக்கிறார்கள். சாம்பல் நிறத்தில் ஓர் அரைக் கவர் வாங்கியிருக்கிறோம். சுருட்டினால் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் அளவுதான். இன்று மாலை வாசலில் மூடி, தோட்டக் குழாயால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். சீட் காய்ந்தே இருந்தது. இடது பக்கப் பட்டை மட்டும் நீளமாகத் தொங்கியது, அதை வெட்டி நுனியை மெழுகுவத்தியில் காட்டிக் கருக்கிவிட்டேன். டேங்க் மூடியின் துளையை அவன் இப்போது சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறான்.