விஎம்எக்ஸ் கோப்பைத் தொட்ட தம்பி மேல் பழியைப் போடாதீங்க

ஒரு டைல்ஸ் கடையோட கணக்கு மென்பொருள் வெர்ச்சுவல் மெஷின்ல, அதாவது விஎம்வேர் புரோகிராம் கம்ப்யூட்டருக்குள்ளயே உண்டாக்குற இன்னொரு கம்ப்யூட்டர்ல, ஓடிட்டிருந்தது. கடையில வேலை செய்யுற தம்பி அதோட மெமரி அளவை மாத்தப் போக மெஷின் திறக்கலை, பிறகு கணக்கும் போயிடுச்சு. இந்த விவகாரம் காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாத்திலயும் சுத்திடுச்சு. "வெர்ச்சுவல் மெஷின் ஃபைலைத் திறந்து கணக்கையே அழிச்சுட்டான்"னு அந்தத் தம்பியைப் பேர் சொல்லித் திட்டுற குரல் பதிவையும் நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க. அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறலை.

விஎம்எக்ஸ் கோப்பைத் திருத்தினதால கணக்கு போகலை. போகவும் போகாது. அது மெஷினோட அமைப்பு விவரம் இருக்கிற, சில கிலோபைட் அளவுள்ள சாதாரண எழுத்துக் கோப்பு. மெமரி எவ்வளவு, எந்த டிஸ்க், எந்த நெட்வொர்க் கார்டுன்னு வரிவரியா எழுதியிருக்கும். கணக்கு இருக்கிற இடம் மெஷினோட ஹார்டு டிஸ்கா இருக்கிற விஎம்டிகே கோப்புகள். விஎம்எக்ஸ் கெட்டா மெஷின் திறக்காது, அவ்வளவுதான். திருப்பி எழுதிடலாம்.

தம்பி செய்ததுல பிழையே இல்லைன்னு நான் சொல்லலை. மெஷின் சஸ்பெண்ட்ல இருந்தது, அதாவது ஷட் டவுன் பண்ணாம ஓடினபடியே உறைய வச்சிருந்தாங்க. அந்த நிலையில பழைய மெமரி அளவோட முழு நிலவரமும் விஎம்எஸ்எஸ், விஎம்இஎம் கோப்புகள்ல உறைஞ்சு கிடக்கும். அப்போ மெமரி அளவைச் சொல்ற மெம்சைஸ் வரியை மாத்தினா எழுப்பும்போது ரெண்டும் பொருந்தாது. அடுத்து, யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பின வரியை அப்படியே ஒட்டியிருக்கான். சில போன் கீபோர்டு நேரான மேற்கோள் குறியை வளைஞ்ச குறியா மாத்திடும். விஎம்வேர் அதை ஏத்துக்காது. பழைய மெம்சைஸ் வரியை எடுக்காம கீழே இன்னொண்ணு சேர்த்திருக்கான். ஒரே பெயர் ரெண்டு தடவை வந்தா மெஷினைத் திறக்கவே மாட்டேன்னு சொல்லிடும்.

மூணுமே நோட்பேடுல அஞ்சு நிமிஷ வேலை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலை. சொல்லிக்கொடுக்காத வேலையைச் செய்யச் சொன்னது யாரு?

முறை இதுதான். உள்ளே இருக்கிற விண்டோஸை முழுசா ஷட் டவுன் பண்ணுங்க. சஸ்பெண்ட் வேண்டாம். அப்புறம் விஎம்வேர் புரோகிராமையே மூடுங்க. அது திறந்திருந்தா அமைப்பை நினைவுல வச்சிருந்து, நீங்க எழுதினதுக்கு மேலயே பழையதை எழுதிடும். ஃபோல்டர்ல எல்சிகேன்னு முடியுற பூட்டுக் கோப்போ ஃபோல்டரோ இருந்தா இன்னும் ஏதோ ஓடிட்டிருக்கலாம், காத்திருங்க. விஎம்எக்ஸை நகல் எடுத்து வேற ஃபோல்டர்ல வைங்க. நோட்பேடு மாதிரி வெறும் எழுத்து எடிட்டர்லதான் திறக்கணும், வேர்டு ஆகாது. இருக்கிற வரியில எண்ணை மட்டும் மாத்துங்க, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். மெமரி 4-ஆல் வகுபடணும். மெஷினுக்குள்ள ஓடுற பழைய விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட்டுக்கு 8192, அதாவது 8 ஜிபி, கொடுத்துப் பிரயோசனமே இல்லை, 4 ஜிபிக்கு மேல அதால பார்க்க முடியாது. மெஷினோட அடையாள எண்ணான யூயூஐடி வரிகளையும் நெட்வொர்க் முகவரி வரியையும் தொடாதீங்க. பழைய கணக்கு மென்பொருள்ல லைசென்ஸ் அந்த முகவரியோட கட்டியிருக்கலாம். ஃபோல்டரை இடம் மாத்திட்டுத் திறக்கும்போது நகர்த்தினியா, நகல் எடுத்தியான்னு கேட்கும். நகல்னு சொன்னா அந்த முகவரியே புதுசாகிடும்.

"செட்டிங்ஸ் ஜன்னல்லயே மெமரியை மாத்தலாமே, ஃபைலை ஏன் தொடணும்?" உண்மை. நானும் அதைத்தான் சொல்வேன். ஜன்னல்ல இல்லாத அமைப்புக்கு மட்டும் கோப்புக்குப் போங்க. விஎம்வேர் மாதிரியே இருக்கிற விர்ச்சுவல்பாக்ஸ்ல இன்னும் கண்டிப்பு: இந்தக் கோப்பைத் திருத்தாதேன்னு அதோட அமைப்புக் கோப்பான விபாக்ஸ் கோப்போட தலையிலயே எழுதியிருக்கும். அங்க விபாக்ஸ்மேனேஜ் கட்டளைதான் வழி. லினக்ஸ்ல இதே வேலையைச் செய்யுற கேவிஎம்ல விர்ஷ் எடிட் கட்டளை. அது சேமிக்கும்போதே பிழை பார்த்துச் சொல்லும்; ஆனா மெஷினை முழுசா நிறுத்தி ஏத்தினாத்தான் மாற்றம் பலிக்கும், உள்ளே ரீஸ்டார்ட் கொடுத்தா பத்தாது.

"எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்தச் சொல்லுங்க"ன்னு ஒருத்தர். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2014 ஏப்ரல்லயே முடிஞ்சது எல்லாருக்கும் தெரியும். அந்த மென்பொருள் எக்ஸ்பியில மட்டும் ஓடுது, அதனாலதான் மெஷினுக்குள்ள வச்சிருக்காங்க. இப்ப அந்தப் பேச்சு எதுக்கு?

கணக்கு எப்படிப் போச்சுன்னு யாருமே பேசமாட்டேங்கிறீங்க. தம்பி வீட்டுக்குப் போன பிறகு "எக்ஸ்பர்ட்" வந்தார். புது மெஷின் உண்டாக்கி, பழைய அடிப்படை விஎம்டிகேயை மாட்டி ஆன் பண்ணினார். அதே ஃபோல்டர்ல 000001-னு முடியுற கோப்பு இருந்ததை அவர் பார்க்கலை. ஸ்னாப்ஷாட், அதாவது மெஷின் ஒரு நாள் இருந்த நிலையைப் பிடிச்சு வைக்கிறது, எடுத்த நாள்ல இருந்து அடிப்படை டிஸ்க் மூடி வச்ச பேரேடு. அதுக்குப் பிறகு எழுதினது எல்லாம் அந்த 000001 கோப்புங்கிற தனி ஏட்டுல, பேரேட்டுப் பக்க எண்ணைச் சொல்லித்தான் இருக்கும். பேரேட்டுல கை வச்சா ஏட்டுக்கு அர்த்தம் போயிடும். இங்க நடந்தது அதுதான். ஆன் பண்ணின நிமிஷமே விண்டோஸ் அந்த டிஸ்க்ல எழுதும். அதுக்கப்புறம் தாய் டிஸ்க் மாறிப்போச்சு, சிஐடிங்கிற டிஸ்க் அடையாள எண் பொருந்தலைன்னு பிழை வரும். ஸ்னாப்ஷாட் எடுத்த ஆடி மாசத்துக்குப் பிறகு போட்ட பில் எல்லாம் அந்தத் தனிக் கோப்புலதான் இருக்கு.

இவ்வளவும் வேண்டியிருந்திருக்காது. ஃபோல்டர்ல இருக்கிற விஎம்வேர்.லாக் கோப்புல, கடைசியா ஓடினப்போ இருந்த அமைப்பு வரிகள் அப்படியே பதிவாகியிருக்கும். அதைப் பார்த்து விஎம்எக்ஸைத் திருப்பி எழுதியிருக்கலாம். தம்பிக்குத் தெரியலைன்னா பரவாயில்லை. காசு வாங்கி வந்தவருக்கு? அவரைப் பத்தி ஒரு குரல் பதிவும் இல்லையே. பழி மட்டும் சம்பளக்காரப் பையனுக்கு. ஒரு மாசச் சம்பளத்தையும் பிடிக்கப் போறாங்களாம்.

கடைக்காரர் அண்ணனுக்கு: அந்த மெஷினை இனி யாரும் ஆன் பண்ண வேண்டாம். ஃபோல்டர் முழுசையும் வேற ஹார்டு டிஸ்குக்கு நகல் எடுங்க, வேலை எல்லாம் நகல்லதான். 000001 கோப்பு சில நூறு பைட்டா இருந்தா அது விவரக் கோப்பு. அதுல தாய் டிஸ்கோட சிஐடியைக் குறிச்சு வச்சிருக்கிற பேரண்ட்சிஐடி எண்ணை அடிப்படை டிஸ்கோட இப்போதைய சிஐடிக்குச் சமமாக்கலாம். பெரிய ஒரே கோப்பா இருந்தா நோட்பேடுல திறக்கவே கூடாது. பிறகு அந்த 000001-ஐ இன்னொரு மெஷின்ல ரெண்டாவது டிஸ்கா மாட்டி, டிஸ்க் பிழையைத் திருத்துற செக்டிஸ்க் ஓடவிடாம, கணக்குக் கோப்புகளை மட்டும் வெளியே எடுங்க. அடிப்படை டிஸ்க்ல எவ்வளவு எழுதப்பட்டதோ அதைப் பொறுத்துக் கொஞ்சம் சேதம் இருக்கலாம், எல்லாம் வரும்னு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா முயற்சி பண்ணாம விடாதீங்க.

அந்தக் குரல் பதிவை முதல்ல எல்லாக் குழுவிலிருந்தும் எடுங்க.