நான்கு வருடக் கணக்கு இண்டியானாவுக்குப் பொருந்தவில்லையே
கல்லூரி அணியைத் திரும்பக் கட்ட எந்தப் பயிற்சியாளருக்கும் நான்கு வருடமாவது வேண்டும் என்கிறது இந்தக் கட்டுரை. அமெரிக்கக் கால்பந்தில் இன்று அதை ஏற்க முடியவில்லை. இண்டியானா பல்கலைக்கழக அணிக்கு 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி. புதிய பயிற்சியாளராகக் கர்ட் சிக்னெட்டி வந்த முதல் சீசனிலேயே 11 வெற்றி, 2 தோல்வி! முன்பு பயிற்சியாளராக இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் தன்னிடம் ஆடிய பலரைக் கூடவே அழைத்து வந்தார். அவருடைய ஆட்டமுறை அவர்களுக்கு அத்துப்படி. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், டிரான்ஸ்ஃபர் விதி (வீரர்கள் வேறு கல்லூரி அணிக்கு மாற அனுமதிக்கும் விதி) இருந்தால் யாரும் ஜெயிக்கலாம் என்கிறார். சரி, கொலராடோ பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸும் அதே 2023-இல் அணியை ஏறக்குறைய முழுசாக மாற்றினார். கிடைத்தது 4 வெற்றி, 8 தோல்வி. முன்வரிசைத் தடுப்பு அவ்வளவு பலவீனம். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக், டியானின் மகன் ஷெடியூர், 52 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டதைப் பார்க்க வயிறு எரிந்தது. இத்தனைக்கும், மறுவருடம் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மேன் விருது வாங்கிய டிராவிஸ் ஹன்டர் அப்போதே அந்த அணியில்தான் இருந்தார்.