'டாக்டர் ஹூ' பழைய எபிசோடுகள் தீயில் எரியவில்லை

பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில் காணாமல்போன 1960-களின் எபிசோடுகள் எல்லாம் தீ விபத்தில் எரிந்துவிட்டன, இனி தேடுவது வீண் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது தவறு.

தீயெல்லாம் இல்லை. அன்று வீடியோ டேப் விலை அதிகம். அதனால் பிபிசியே பழைய பதிவுகளை அழித்து, அதே டேப்பில் புதிய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது. ஆனால் அழிப்பதற்கு முன், வெளிநாடுகளுக்கு விற்பதற்காகப் பல எபிசோடுகளை 16 மி.மீ. பிலிமில் நகலெடுத்திருந்தார்கள். தேடுபவர்களின் நம்பிக்கையே அந்தப் பிரதிகள்தான். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் கிடைத்த சுருள்களில், காணாமல்போன 9 எபிசோடுகள் இருந்தன. 2013 அக்டோபரில் பிபிசி இதை அறிவித்தது; அந்தச் செய்தி அதன் இணையதளத்திலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், தொலைந்த எபிசோடுகள் எல்லாவற்றுக்கும் ஒலிப்பதிவு இருக்கிறது. ரசிகர்கள் ஒளிபரப்பின்போது வீட்டிலேயே பதிவு செய்து காப்பாற்றியவை அவை. எவ்வளவு பெரிய உதவி!

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள். 'எல்லாம் போச்சு' என்று நம்பி யாராவது பழைய பிலிம் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது.