வருமான வரியை ஒழிப்பேன் என்பவரிடம் மருந்து விலையைக் கேளுங்கள்

போன சனிக்கிழமை நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் பக்கம் இருக்கும் நம்மூர்க் குடும்பங்கள் ஐந்தாறு. பேச்சு தேர்தலுக்குப் போனது. "வருமான வரியை எடுத்துட்டு விற்பனை வரி மட்டும் போட்டா நமக்குத்தான் லாபம். சம்பளத்துல பாதியை மிச்சம் பிடிக்கிறோம், ஊருக்கு அனுப்புற காசுக்கு வரியே வராது" என்றார் ஒரு அண்ணன். அவர் கணக்கு சரி. சரியாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இது புது யோசனை இல்லை. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லிண்டர் 1999-இல் 'ஃபேர் டாக்ஸ்' (நியாய வரி) மசோதாவைக் கொண்டுவந்தார். வருமான வரி, சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) என்று பிடிக்கும் பிடித்தம், வாரிசுச் சொத்து வரி எல்லாம் போய்விடும். வரி வசூலிக்கும் ஐஆர்எஸ் என்ற துறையே இருக்காது. அதற்குப் பதிலாக நாடு முழுக்க ஒரே விற்பனை வரி, 23 சதவீதம்.

அந்த 23-ஐ நன்றாகப் பாருங்கள். கடையில் 100 டாலர் பொருளுக்கு 30 டாலர் வரி சேர்த்து 130 கொடுப்பீர்கள். 130-இல் 30 என்பது 23 சதவீதம். நாம் விற்பனை வரியை எண்ணிப் பழகிய முறையில் அது 30 சதவீதம். டெக்சஸில் ஏற்கெனவே 8.25 வரை இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 38-ஐத் தாண்டும். இன்று இங்கே அரிசி, பருப்பு, பால், டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து எதற்கும் விற்பனை வரி கிடையாது. அந்த மசோதாவில் இவற்றுக்கும் வரி உண்டு, டாக்டர் ஃபீஸுக்கும் உண்டு.

ஏழைகளை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். வறுமைக்கோட்டு அளவுச் செலவுக்கான வரியை மாதாமாதம் முன்கூட்டியே எல்லாக் குடும்பத்துக்கும் திருப்பித் தருவதாகத் திட்டம். அடி விழுவது அதற்குக் கொஞ்சம் மேலே இருப்பவர்களுக்கு. வருடம் 60,000 டாலர் சம்பாதித்து அத்தனையும் செலவாகிவிடும் குடும்பத்துக்கு முழுத் தொகைக்கும் வரி. 10 லட்சம் சம்பாதித்து 2 லட்சம் செலவழிப்பவருக்கு அந்த 2 லட்சத்துக்கு மட்டும்: 46,000 டாலர், வருமானத்தில் 5 சதவீதம்கூட இல்லை. திரும்பி வரும் பணத்தை இருவருக்கும் கழித்துப் பார்த்தாலும் சதவீதத்தில் முதல் குடும்பம்தான் அதிகம் கட்டும். மிச்சம் பிடித்ததை என்றைக்காவது செலவழிக்கும்போது வரி வரும்தானே என்பார்கள். பல பணக்காரக் குடும்பங்களில் அந்த 'என்றைக்காவது' அடுத்த தலைமுறைக்குப் போய்விடும், அப்போது வாரிசுச் சொத்து வரியும் இருக்காது.

அப்புறம் ஓய்வுபெற்றவர்கள். நாற்பது வருடம் வருமான வரி கட்டிவிட்டு மீதியைச் சேர்த்து வைத்தவர், அதை எடுத்து மருந்து வாங்கும்போது மறுபடியும் வரி கட்ட வேண்டும். இது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

வேட்பாளர்களைப் பாருங்கள். 2008 அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியில் மைக் ஹக்கபீ இதை முன்வைத்துத்தான் பிரச்சாரம் செய்தார், கட்சி வேட்பாளர் தேர்வின் முதல் சுற்றான அயோவாவில் ஜெயித்தார். ஜனநாயகக் கட்சியில் மைக் கிராவலும் ஆதரித்தார். லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் 2012-இல் ஆதரித்தார். இவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வெளிப்படையாக நின்றார்கள், அதை மதிக்கிறேன். பின்னாளில் ஃபுளோரிடா ஆளுநராகி, அதிபர் வேட்பாளர் போட்டியில் டிரம்பை எதிர்த்த ரான் டிசாண்டிஸ், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் இருந்தபோது இந்த மசோதாவை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டவர். 2023-இல் டிரம்ப் தரப்பு அதையே எடுத்து அவருக்கு எதிராக விளம்பரம் செய்தது. அந்த ஆண்டு ஜனவரியில் ஜார்ஜியாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் பட்டி கார்ட்டர் மசோதாவை மறுபடி கொண்டுவந்தார். அதே கட்சியைச் சேர்ந்த அப்போதைய சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி தனக்கு அதில் ஆதரவு இல்லை என்றார், வாக்கெடுப்பே நடக்கவில்லை. அப்போது அதிபராக இருந்த பைடன் போன இடமெல்லாம் அதைத் தாக்கிப் பேசினார். ஓட்டுப் போடுகிறவர்களிடம் 30 சதவீதம் என்று சொல்ல வேண்டிய கட்டம் வந்தால் சொந்தக் கட்சிக்காரர்களே விலகி நிற்கிறார்கள்.

2024-இல் டிரம்ப் வேறு மாதிரி சொன்னார்: இறக்குமதி வரியை வைத்தே வருமான வரியை ஒழிக்கலாம் என்று. 2023 நிதியாண்டில் தனிநபர் வருமான வரியாக வந்தது சுமார் 2.2 லட்சம் கோடி டாலர். இறக்குமதிச் சுங்க வரியாக வந்தது சுமார் 8,000 கோடி டாலர். இந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது? வரியை ஏற்ற ஏற்ற இறக்குமதி குறையும், ஒரு கட்டத்துக்கு மேல் வரும்படியும் குறையும். அதுவும் கடைசியில் பொருளின் விலையில் ஏறி வாங்குகிறவர் தலையில்தான் பெரும்பாலும் விழும்.

மாநிலங்களிலும் முயன்றிருக்கிறார்கள். லூசியானாவில் ஆளுநராக இருந்த பாபி ஜிண்டால் 2013-இல் மாநில வருமான வரியை எடுத்துவிட்டு விற்பனை வரியை முதலில் 4-இலிருந்து 5.88 சதவீதமாக்கப் பார்த்தார். எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலிலேயே கைவிட்டார். சுமார் இரண்டு சதவீதப் புள்ளி ஏற்றத்துக்கே அந்த எதிர்ப்பு.

எங்கள் எதிர்வீட்டு அம்மா முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறார். மாதக் கடைசியில் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. எனக்கு மிஞ்சுகிறது என்பதற்காக என் வரியில் ஒரு பங்கை அவர் கட்ட வேண்டும் என்று என்னால் ஓட்டுப் போட முடியாது. அந்த அண்ணனிடமும் அன்று இதைத்தான் சொன்னேன்.

எங்கள் தொகுதி வேட்பாளர் கூட்டம் நடக்கும்போது நானும் போகிறேன். கையில் ஒரே கேள்வி வைத்திருக்கிறேன்: இன்று 100 டாலருக்கு வாங்கும் மருந்துக்கு உங்கள் திட்டப்படி கடையில் எவ்வளவு கொடுக்க வேண்டும்?